நான் எடுத்துவிட்ட ஐந்தாம் பக்கம்

எழுபதுகளின் பின்பாதியில், கல்கத்தா ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடந்தது. தெற்கே கரியாவுக்கு அப்பால் அப்பா விட்டுப்போன தோப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நகரத்தில் இருந்தவர்களுக்கான வகுப்பு. வக்கீல், டாக்டர், கல்லூரி ஆசிரியை என்று பதினைந்து பேர் வருவார்கள். பாடம் நடத்தியவர் வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அப்படித்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். எனக்குத் தோப்பு கிடையாது. டல்ஹௌசி சதுக்கத்தில் ஓர் ஆபீசில் ஸ்டெனோ. தாதா ஆங்கிலத்தில் எழுதித் தரும் குறிப்புகளை ஸ்டென்சிலில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுப்பேன். பாட்டனி படித்துக்கொண்டிருந்த என் மகளும் கூட வருவாள். அந்தத் தாள்களை அவளைப் போல வேறு யாரும் படித்ததில்லை.

நெருக்கமாக வளர்ந்த தோப்பில் எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்ற பாடத்துக்கு தாதா ஐந்து பக்கம் எழுதியிருந்தார்.

"திதி, இவ்வளவையும் யார் படிக்கிறது? நாலுல முடிச்சுடுங்க" என்றார் வக்கீல் என்னிடம். திதி என்றால் அக்கா.

தாதாவும், "எதை வேணுமோ எடுத்துடுங்க, உங்க இஷ்டம்" என்று சிரித்தார்.

ஐந்தாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: மரம் சாயும்போது ஆட்கள் எங்கே நிற்க வேண்டும், சாய்ந்த மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும். தோப்புக்காரர்கள் கோடாலியைத் தொடப் போவதில்லை. வெட்டுகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அது யாருக்கும் பயன்படாத பக்கம் என்று முடிவு செய்தேன். அவசரத்தில் விட்டதல்ல, யோசித்தே எடுத்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, வக்கீலின் தேக்குத் தோப்புக்குப் போனோம். பாடத்தை நேரில் பார்ப்பதற்கு. நான் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுபோயிருந்தேன். வெட்ட இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர், மற்றவர் அவருடைய மருமகன். தாதா குளத்துக்கு அந்தப் பக்கம் டாக்டரோடு நின்றிருந்தபோது, முதல் மரம் அறுபட்டுச் சாய்ந்தது. சாய்ந்தது கீழே வரவில்லை. பக்கத்து மரத்தின் கவட்டையில் போய் மாட்டி நின்றது.

"பாத்தீங்களா, வக்கீல் வீட்டு மரம்! இங்க தோத்துட்டு மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கு" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் வக்கீலிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பில் அது எடுபடவில்லை.

மரத்தின் நீளத்தைக் குறித்துக்கொள்ள என் மகள் டேப்போடு அதன் அடியில் போனாள். நான் அதைப் பார்த்தேன். நான் கவனித்தது மரத்தை அல்ல, அவள் தலையை. போன மாதம்தான் தொண்டைக் கட்டு வந்து பத்து நாள் படுத்திருந்தாள்.

"ஏன்டி, காதுல காத்து போகுது பாரு. வந்து ஸ்கார்ஃபைக் கட்டிக்கோ."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நாளைக்குக் காய்ச்சல் வந்தா அவங்களா வந்து கஷாயம் போடுவாங்க?"

டேப்பை அங்கேயே போட்டுவிட்டு, கோபமாக நடந்து வந்து என் கையிலிருந்து ஸ்கார்ஃபைப் பிடுங்கினாள். மரம் உருண்டு விழுந்தது. டேப் அதன் அடியில் போயிற்று.

அன்று மாலைவரை எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். தாய் மனசு, அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்றார் ஆசிரியை. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தெரிய வேண்டியதை டைப் அடிக்காமல் என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

அந்த வாரம் அந்தப் பக்கத்தை டைப் அடித்து, அடுத்த ஞாயிறு கொடுத்தேன். வக்கீல் படித்துவிட்டு, "இது முன்னாடி இல்லையே?" என்றார்.

"இருந்தது. நான்தான் எடுத்துட்டேன்."

தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் மகள் பஸ்ஸில் என்னை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுப் படி ஏறும்போது, "என்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். அது சரிதான்.

அதன்பின் தாதா ஒரு வழக்கம் வைத்தார். ரம்பம் எடுக்குமுன் அந்தப் பக்கத்தை வெட்டுகிறவர்களுக்கு வங்காள மொழியில் படித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை அதே தோப்பில் என் மகள்தான் படித்தாள். பெரியவர் கடைசிவரை கேட்டார்.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் திதிமணி. அன்னிக்கே சொல்ல வந்தேன். பாபுங்க சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."



"சரி, இன்னிக்கு நீ சொல்லு. நாங்க எங்க நிக்கணும்?" என்றார் தாதா.

பெரியவர் குளக்கரையைக் கை காட்டினார். எல்லோரும் அங்கே போய் நின்றோம். பெரியவர் அதுவும் போதாதென்று இன்னும் பத்தடி தள்ளிப் போகச் சொன்னார். போனோம். நான் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மரம் இந்த முறை நேராகத் தரையில் விழுந்து, புழுதி எழும்பி அடங்கியது. மற்றவர்கள் அதன் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

"அம்மா, விழுந்தாச்சு" என்றாள் அவள். "கையை விடு."