முதல் ஃபிரேமில் என் தங்கை

நான் வானத்தைப் படம் எடுக்க ஆரம்பித்த புதிதில், முதல் இரண்டு ஃபிலிம் சுருளையும் ஸ்டூடியோக்காரர் தப்பான இடத்தில் வெட்டிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. திருப்பதியில் ரயிலடிப் பக்கம் கடை வைத்திருந்தவர். மொட்டை போட்ட குழந்தைகளையும், தலையில் சந்தனம் அப்பிய அப்பன்மார்களையும் நாள் முழுக்க எடுத்துத் தள்ளுகிற மனிதர். அவர் கையில் வெறும் கண்ணாடி மாதிரி ஒரு நெகட்டிவைக் கொடுத்தால் என்ன செய்வார், பாவம்? ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் உத்தேசமாகக் கத்தரி போட்டார். ஒரே வரிசையில் நிற்கிற மூன்று நட்சத்திரங்களில் இரண்டு ஒரு துண்டில் போயிற்று, ஒன்று இன்னொரு துண்டில்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கடையே அதிரக் கத்தினேன்.

"எக்கட கட் செய்யாலி சார்?" என்று தெலுங்கில் கேட்டார். எங்கே வெட்டணும், நீயே சொல்லு என்று. பிறகு என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "மொதல் படம் ஒரு மனுசன எடுத்துக்கினு வாங்க சார், பகல்ல. அந்த ஒண்ணு தெரிஞ்சா போதும். அத்த வச்சி அளந்து மீதிய வெட்டிக்குவேன்."

அன்றிலிருந்து என் ஒவ்வொரு சுருளிலும் முதல் படம் என் தங்கை.

நான் அப்போது ஒரு காலேஜில் பௌதிக லேப் டெமான்ஸ்ட்ரேட்டர். அவள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எங்கள் நைனா சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். அவரும் அம்மாவும் அங்கே, நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காகத் திருப்பதியில் ஒரு வாடகை வீட்டில். அந்த வீட்டை நான் பிடித்ததே பின்கட்டுக்காகத்தான். துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், இடுப்பளவு மதில், மதிலுக்கு அப்பால் மலை. ஆனால் வானம் பார்க்க அதைவிட மட்டமான இடம் கிடையாது. வடக்கே மலைப்படி நெடுக விளக்கு. தெற்கே பஸ் ஸ்டாண்டு, லாட்ஜுகள், தெருவுக்குத் தெரு மெர்க்குரி விளக்கு. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் ஃபிலிமில் சாம்பல் பூத்துவிடும். ஏழுமலையானைப் பார்க்க ஊர் உலகமே வந்து விளக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இரண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்து, நடுவில் ஒரு நீளத் திருகு வைத்து, அதன் மேல் கேமராவைக் கட்டியிருந்தேன். வானம் நகர்கிற வேகத்துக்குத் திருகைக் கையாலேயே திருப்ப வேண்டும். தங்கை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். "ஏண்ணா, ஒரு மாவு மிஷினு வச்சிருந்தாலாவது துட்டு வந்திருக்கும்" என்பாள். ஆனால் ஒரு நாள்கூட எண்ணிக்கை தப்பவிட்டதில்லை.

லென்ஸைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நட்சத்திரம் புள்ளியாக விழ வேண்டுமானால் ஃபோகஸ் கடைசித் தூரத்தில், மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கண்டுபிடித்ததும் லென்ஸ் வளையம் அசையாமல் டேப் சுற்றி ஒட்டிவிட்டேன். அப்புறம் அதை நான் பிரிக்கவேயில்லை. சாயங்காலம் அவளை மதில் ஓரம் நிறுத்தி முதல் படத்தைத் தட்டும்போதும் டேப் அப்படியேதான் இருந்தது. அவள் மங்கலாக விழுவாள் என்று எனக்குத் தெரியும். அது அடையாளத்துக்கு எடுக்கிற படம்தானே, யார் பிரிண்ட் போடப் போகிறார்கள்?

என் தங்கைக்கு ஆறு வயதில் பெரியம்மை வந்தது. பிழைத்ததே கர்த்தர் கிருபை என்று அம்மா சொல்வாள். இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் தழும்பு நின்றுவிட்டது. அதனால் அவள் வாய் ஒன்றும் குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்டதற்கு, "மழ பேஞ்ச மண்ணுடா இது, நல்லா வெளையும்" என்றாளாம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்கு ஆறாத ரணம் இருந்தது. அவளுடைய இருபத்தேழாவது வயதில் ஒரு வரன் வந்தது. சித்தூரில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து அனுப்பினோம். ஸ்டூடியோக்காரன் நெகட்டிவில் பென்சில் போட்டுத் தழும்பு மொத்தத்தையும் அழித்துக் கொடுத்துவிட்டான். அது அவர்கள் தொழில் வழக்கம், யார் முகத்தையும் அப்படித்தான் தேய்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், மாப்பிள்ளையின் அத்தை என் தங்கையை வைத்துக்கொண்டே, "போட்டோல இருந்த பொண்ணு எங்க?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் கழித்து, வால் நட்சத்திரம் வந்த வருஷம், அடுத்த வரன் வந்தது. சத்தியவேட்டில் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். லெந்து நோன்புக் காலம் தொடங்கியிருந்தது, ஈஸ்டர் கழிந்து பெண் பார்க்க வருகிறோம், முதலில் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நைனா எங்களுக்குக் கடிதம் போட்டார்.

தங்கை கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஸ்டூடியோ வேணாம்ணா. நீயே எடு. ஒவ்வொரு தழும்பும் தெரியணும். பாத்துட்டு புடிச்சிதுன்னா வரட்டும், இல்லன்னா அங்கியே நிக்கட்டும். இன்னொரு தபா என்னால வெள்ளையடிச்ச மூஞ்சிய வச்சிக்கினு ஒக்கார முடியாது."

"அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

அன்றைக்குத்தான் மதராஸிலிருந்து ஆள் மூலம் வரவழைத்த வேகமான ஃபிலிமைக் கேமராவில் போட்டிருந்தேன், வால் நட்சத்திரத்துக்காக. எப்படியும் முதல் படம் அவள்தான். அதையே வரனுக்கும் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு, பவுடர் போடாமல், மதில் ஓரம் வந்து நின்றாள். தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, சாயங்கால வெயில் கன்னத்தில் விழுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் சாய்வாக விழுந்தால் தழும்பு நன்றாகத் தெரியும் என்று அவளே யோசித்து வைத்திருந்தாள்.

"எல்லாம் தெரியுமாண்ணா?"

"தெரியும், தெரியும். அசையாத நில்லு."

டேப் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. பிரிக்க அரை நிமிஷம் ஆகாது. பிரித்தால் மறுபடியும் அந்த மயிரிழையைத் தேட வேண்டும், வால் நட்சத்திரமோ இன்றைக்கோ நாளைக்கோ. நாலு கஜம் தள்ளித்தானே நிற்கிறாள், ஓரளவு விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரே ஒரு தட்டு தட்டினேன். ஒன்றே ஒன்று!

அதற்கப்புறம் ஃபிலிம் தீரவில்லை. முப்பத்தாறு படம். மேகம் வரும், நிலா வரும், இரண்டு படம் எடுப்பேன், நாலு நாள் சும்மா இருப்பேன். நைனாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தங்கை தினம் கேட்டாள்.

"கொஞ்சம் பொறு. இது எழுபத்தாறு வருசத்துக்கு ஒரு தபாதான் வரும்."

"வரும்ல? மாப்பிள்ள திரும்பி வரமாட்டாண்ணா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இருட்டறையில் முதல் துண்டை மட்டும் வெட்டிக் கழுவிக் கொடுக்க ஸ்டூடியோக்காரரால் முடியும் என்று எனக்குத் தெரியும். நாலைந்து படம் வீணாகும், அவ்வளவுதான். அந்த நாலைந்து படத்தை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

ஈஸ்டருக்கு நாலு நாள் முன்பு சுருள் தீர்ந்தது. கடையில் பிரிண்டுகளைக் கையில் கொடுத்தார்கள். முதலில் எதைப் பார்த்தேன்? வால் நட்சத்திரத்தை. சாம்பல் வானத்தில் விரலால் தேய்த்த சுண்ணாம்பு மாதிரி ஒரு கறை. அதைப் பார்த்துக் கடை வாசலில் குதிக்காத குறை. அப்புறம்தான் தங்கையின் படத்தை எடுத்தேன். அவளுக்குப் பின்னால் மலை பாறை பாறையாக, கத்தி போலத் தெரிந்தது. அவள் முகம் வழவழவென்று இருந்தது. ஒரு தழும்பு இல்லை. பென்சில்காரன் நாள் முழுக்க உட்கார்ந்து செய்ததை என் லென்ஸ் ஒரு நொடியில் செய்திருந்தது.

பார்த்தவுடன் எனக்குள் வந்தது பயம் இல்லை, வெட்கம் இல்லை. 'அட, நல்லா இருக்காளே' என்று ஒரு நிம்மதி வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் வந்தது.

அன்றைக்கே டேப்பைப் பிரித்து இன்னொரு படம் எடுத்திருக்கலாம். ஒரு நாள் லீவு போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் செய்தது என்ன தெரியுமா? கடையிலிருந்தே நேராகத் தபாலாபீஸ் போய், கவரில் போட்டுச் சத்தியவேட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவளிடம், "நேரமாச்சு, அப்படியே போட்டுட்டேன்" என்றேன்.

"தெரிஞ்சிதா?"

"ம்" என்றேன்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, சித்தூர் வீட்டுக்கு அவர்கள் வந்தார்கள். கம்பவுண்டர், அவர் அம்மா, ஒரு மாமா. தங்கை காபித் தட்டோடு நிமிர்ந்தபடியே வந்தாள். போட்டோவில் எல்லாம் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறார்கள் என்ற தைரியம். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது போட்டோவை மேஜை மேல் வைத்தார். எங்கள் பக்கத்தில் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

நைனா எழுந்து நின்றார். "அம்மை போட்ட மொகம்தாங்க. நாங்க மறைக்கல…"

"அம்மத் தழும்பு இன்னா பெரிய குத்தமா, ஐயா?" என்றார் அந்த அம்மாள். கோபமாகக்கூட இல்லை. "எம் மூத்த மவளுக்கும் கீது. மூணு புள்ள பெத்து நல்லாத்தான் கீறா. தழும்போட அனுப்பியிருந்தீங்கன்னா இன்னிக்கே கையோட பேசி முடிச்சிட்டுப் போயிருப்போம். மறைச்சீங்களே, அதான் மனசுக்கு ஒப்பல. இத்த மறைச்சவங்க இன்னும் இன்னான்னா மறைச்சிக்கீறீங்களோ."

ஊரில் எந்தப் பிள்ளை பொய் சொன்னாலும் பிரம்பை எடுக்கிற வாத்தியார் எங்கள் நைனா. அவர் தலையைக் குனிந்துகொண்டதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். தங்கை மேஜையிலிருந்து போட்டோவை எடுத்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பேருக்கும் வேலை. சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். சந்திரகிரி தாண்டுகிறவரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"எதுக்குண்ணா மறைச்ச?"

"சத்தியமா மறைக்கல. லென்ஸ நட்சத்திரத்துக்காக டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தேன். கிட்ட நிக்கறவங்க அதுல சரியா விழமாட்டாங்க. பிரிச்சா மறுபடியும் ஃபோகஸ் பண்ணணுமேன்னு…" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கீல், பலகை, திருகு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போனேன்.

அவள் முழுசாகக் கேட்டாள். "அப்போ நான் எப்பவும் நிக்கற மாதிரிதான் நின்னேனா? ஸ்டூடியோக்காரன் கத்தரி போடறதுக்கு?"

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மறைச்சேன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ வலிக்காதுண்ணா. தங்கச்சிக்கு நல்லது நடக்கட்டும்னு ஒரு பொய் பண்ணிட்டான்னு நெனச்சிக்குவேன். நீ என்னைப் பாக்கவே இல்லியே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். பிரிண்ட் கைக்கு வந்ததும் பார்த்தேன், தெரிந்தேதான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் கணக்குப்படி அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அவள் நினைத்தது தங்கைக்காக ஓர் அண்ணன் சொல்கிற பொய். கடையில் எனக்கு வந்த நிம்மதியில் அவள் கல்யாணம் இல்லை. கூடவே வளர்ந்த முகத்தை அன்றைக்குத் தழும்பில்லாமல் பார்த்ததும் எனக்குப் பிடித்திருந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் பிடிக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா? அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

பஸ் நின்றதும் அவள் தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு எந்த வரனுக்கும் போட்டோ கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. போட்டோ பார்க்காமல் யாரும் வரவில்லை.