கால் எட்டும் வண்டி

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவன் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் தன் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என் உயரத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அப்போதெல்லாம் சண்டைக்குப் போய்விடுவேன். ஆள் குள்ளம், உடம்பில் சதையும் கிடையாது. கோபம் மட்டும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக இருந்தேன். டிரெசர் என்றால் டாக்டர் வராத நாளில் எல்லாம் டாக்டர். உண்மையான டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து காரில் வந்து, காப்பி குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காய்ச்சல், கத்தி வெட்டு, பாம்புக்கடி, பிரசவம் என்று மிச்சமெல்லாம் என் தலையில் விழும்.

ஆசுபத்திரி இருந்தது முதல் டிவிஷனில். மூன்றாவது டிவிஷன் தோட்டத்தின் அடுத்த கோடியில், சதுப்பைத் தாண்டி. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். மழை பெய்துவிட்டால் செம்மண் சக்கரத்தை விடாது. சைக்கிள் என்னைச் சுமப்பதற்குப் பதில் நான் சைக்கிளைச் சுமந்துகொண்டு நடப்பேன். அப்படி நடந்துபோய்த்தான் மூன்றாவது டிவிஷனில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவரின் மனைவியின் முதல் பிரசவத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளை போய்விட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஆட்கள் குடியிருக்கிற லயத்து மருத்துவச்சி தன் முஷ்டியால் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், அதனால்தான் அந்தப் பெண் பிழைத்தாள். அடுத்த தடவையும் இப்படித்தான் ஆகும், உடனே ஊசி போடாவிட்டால் தாய் தங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த தடவை வந்தது. புருஷன்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆசுபத்திரி வாசலில் வந்து நிற்பார். உடம்புக்கு ஒன்றும் இருக்காது.

"ஐயா, இந்தத் தடவ சீக்கிரம் வந்துருவீங்கல்ல?"

"மாசம் நெருங்கினதும் அவங்கள இங்கேயே கொண்டாந்து படுக்க வச்சிருவோம். பயப்படாதீங்க."

"சரிங்க ஐயா." போகமாட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடியும், "வந்துருவீங்கல்ல?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பயத்தில் வந்த எரிச்சல்தான் அது.

மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று பெரிய துரையிடம் கேட்டேன். பார்த்துச் சொல் என்றார். குளுவாங்கில் ஒரு சீனர் சைக்கிள் கடையில் பார்த்தேன்: பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றுகிற சின்ன வண்டி, யாரோ ஓட்டிவிட்டு விற்றது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. கைப்பிடியை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே உதையில் எஞ்சின் பேசியது. பின்னால் மருந்துப் பெட்டி கட்டத் தோதாக ஒரு தட்டு. நான் ஒன்றும் பறக்கிறவன் இல்லை. இந்த லயத்தில் ஒரு காய்ச்சல், அடுத்த லயத்தில் ஒரு புண் என்று நின்று நின்று போகிற பிழைப்பு. நாள் முழுக்க ஏறி இறங்குகிறவனுக்கு வேகத்தைவிட லேசுதான் முக்கியம்.

"காக்கி சம்பாய், பாகுஸ் லா," என்றார் கடை முதலாளியான தவுக்கே. கால் எட்டுகிறது, நல்லது என்று அர்த்தம். வேறு யாராவது சொல்லியிருந்தால் குத்திக் காட்டுகிறான் என்று பாய்ந்திருப்பேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வண்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பினால் கதை மாறியிருந்தது. சின்னத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறாராம். அவருடைய மோட்டார் சைக்கிளை டிரெசருக்குக் கொடுக்கச் சொல்லிப் பெரிய துரை உத்தரவு. அந்த வண்டியை எல்லோருக்கும் தெரியும். ஆறடி ஆளுக்காகச் செய்தது. அது வரும்போது முதல் டிவிஷனில் கோழியெல்லாம் லயத்துக்கு அடியில் ஓடி ஒளியும்.

பெரிய கிராணியிடம் போனேன். ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, துரைக்கு அடுத்தபடி அவர்தான்.

"சார், அது எனக்குப் பெருசு. குளுவாங்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"துரை குடுக்கிறாரு, டிரெசரே. வேணாம்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் அதுவும் இருக்காது, இதுவும் இருக்காது. மறுபடி சைக்கிள்தான்." என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீங்கதான் கொஞ்சம் வளரணும்."

ஆபீசே சிரித்தது. வேறு சமயமாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வண்டியை வாங்கிக்கொண்டேன்.

ஓடும்போது அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிற்கும்போதுதான் வினை. உட்கார்ந்தால் என் கால்விரல் நுனி மட்டும் தரையைத் தொடும், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தால்தான். ஸீட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி இறக்கினேன். பூட்சுக்கு அடியில் ரப்பர்ச் சக்கை வைத்துத் தைத்தேன். அப்படியும் போதவில்லை. அதைவிட மோசம், அதை உதைத்துக் கிளப்ப என் எடை காணாது. உதைகோலின் மேல் ஏறி நின்றாலும் அது அசையாமல் நிற்கும். அசைந்தால் திருப்பி அடிக்கும். ஒருமுறை முழங்காலில் அடித்து ஒரு வாரம் நொண்டினேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சரிவில் மட்டும் நிறுத்துவது. ஆசுபத்திரிக்குப் பின்னால் ஒரு மேடு, இரண்டாவது டிவிஷனில் கோயில் மேடு, மூன்றாவதில் தண்ணீர்த் தொட்டி மேடு. உருட்டிவிட்டு ஏறினால் தானாகக் கிளம்பிவிடும். சமதரையில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்ற வேண்டும். பால் வெட்டுகிறவர், கங்காணி, கிராணி, டிரெசர் எல்லோருக்கும் ஒரே சட்டம். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஆனால் இறங்காத ஒரு கங்காணி மறுநாள் பெட்டி படுக்கையோடு ரயிலடிக்கு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கும் இது உண்டு என்று பெரிய கிராணி முதல் நாளே எச்சரித்துவிட்டார். அதனால் துரை எந்த நேரத்தில் எந்தப் பாதையில் போவார் என்று விசாரித்து, வேறு பாதையில் சுற்றிக்கொண்டு திரிந்தேன். மனுஷன் வண்டி ஓட்டுகிற லட்சணமா இது? எனக்கே வெட்கமாக இருக்கும்.

அந்தப் பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுவர நாங்கள் நினைத்திருந்ததற்கு முன்பே வலி வந்துவிட்டது. மழை விட்ட ஒரு பகல் வேளை. மூன்றாவது டிவிஷன் கங்காணி சைக்கிளில் மூச்சிரைக்க வந்து வாசலிலேயே கத்தினார்.

"டிரெசரய்யா, புள்ள பொறந்துருச்சு. ஆனா ரத்தம் போவுது. மருத்துவச்சி ஒடனே வரச் சொன்னாங்க!"

அவர் இத்தனை தூரம் வந்து சேர்வதற்குள் எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்று யோசித்ததுமே உள்ளே ஓடினேன். ஊசி மருந்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பின்னால் கட்டினேன். மேட்டிலிருந்து உருட்டினேன். வண்டி கிளம்பியது. ஈர மண்ணில் பின்சக்கரம் வாலாட்டிக்கொண்டே வந்தது. விழுந்தால் மருந்துச் சீசா உடையும், உடைந்தால் வேறு கிடையாது. அதை நினைத்து மெதுவாகப் போனேன். பிறகு அந்தப் பெண்ணை நினைத்து வேகமாகப் போனேன். வழி முழுக்க இப்படித்தான்.

சதுப்பைத் தாண்டுகிற பாதை நேரானது, ஒரே சமதரை. இரண்டு பக்கமும் வாய்க்கால். பாதிப் பாதையில் இருக்கும்போது எதிரே துரையின் கறுப்புக் கார் திரும்பியது.

வேறு பாதை இல்லை. பால் வாளிகளோடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அதற்குள் ஓரம் ஒதுங்கித் தலைத்துணியை அவிழ்த்து நின்றுவிட்டார்கள். இறங்கினால் வண்டி அணையும். அணைந்தால் இந்தச் சமதரையில் அது கிளம்பாது. தள்ளச் சொல்லலாம், தள்ளுவார்கள், ஆனால் துரை கடந்து போகும்வரை ஒருவரும் அசையமாட்டார்கள். துரையோ காரை நிறுத்தி, மழையைப் பற்றி, பாலைப் பற்றி நாலு வார்த்தை கேட்காமல் போகிறவர் அல்ல. இறங்காவிட்டால் என் வேலை போகும். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஆசுபத்திரிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அது தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும்.

நான் இறங்கவில்லை. ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையிலேயே போனேன். கார்தான் ஒதுங்கியது. ஒரு சக்கரம் வாய்க்கால் விளிம்பில் இறங்கியதைப் பார்த்தேன். தொப்பியைத் தொடக்கூட நான் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் விழுந்திருப்பேன்.

லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தவில்லை. புல்லில் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், அது போதும். ஊசி போட்டேன். வயிற்றைத் தடவி அழுத்திக்கொண்டே மருத்துவச்சியும் நானும் உட்கார்ந்திருந்தோம். கையின் கீழே வயிறு கல்லாக இறுகியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ரத்தம் நின்றது. மூலையில் குழந்தை கத்திக்கொண்டிருந்ததே அதற்கப்புறம்தான் என் காதில் விழுந்தது. புருஷன்காரர் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மரத்துக்குப் போனதும் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மனைவி துணிப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய கிராணி என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

பெரிய துரைக்குத் தமிழ் தெரியும். லயத்தில் ஆட்களை ஏவுவதற்குப் படித்த தமிழ், எல்லோரையும் "நீ" என்பார். நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவர் தமிழிலேயே கேட்டார்.

"நீ ஏன் எறங்கல்லே?"

"இறங்கினா திரும்ப ஏற முடியாதுங்க. கால் எட்டாது. அந்த இடத்துல வண்டி கிளம்பாது."

"எத்தினி ஆளு பாத்தான்?"

எனக்கு முதலில் புரியவில்லை. வாளியோடு நின்றவர்களைத்தான் கேட்கிறார் என்று பிறகு புரிந்தது. சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருந்தது. கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"தாயும் புள்ளையும் பொழச்சிட்டாங்க, துரை," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார், ரொம்ப நேரம். மாடு வாங்குகிறவர் பார்ப்பது போல. கடைசியில் மணியை அடித்துப் பெரிய கிராணியைக் கூப்பிட்டார்.

"இவனுக்குச் சின்ன வண்டி வாங்கு. எறங்கறாப்போல வண்டி."

அவ்வளவுதான். வேலை போகவில்லை. வெளியே வந்ததும் பெரிய கிராணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க கேட்டது கெடைச்சிருச்சுல்ல," என்றார். கிடைத்துவிட்டது, உண்மைதான். சந்தோஷப்பட வேண்டியவன், "எறங்கறாப்போல வண்டி" என்ற வார்த்தையையே வீடு வரைக்கும் மென்றுகொண்டு நடந்தேன்.

குளுவாங் தவுக்கே வண்டியை விற்காமல் வைத்திருந்தார். அது எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. சேற்றில் வழுக்கினால் கால் ஊன்றிக்கொள்ளலாம். எங்கே நிறுத்தினாலும் ஒரே உதையில் கிளம்பும். மேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. முழங்கால் வலி போயிற்று. வண்டியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

சில வாரம் கழித்து மூன்றாவது டிவிஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதே நேர்ப்பாதையில் துரையின் கார் வந்தது. நிறுத்தினேன். இரண்டு காலையும் ஊன்றினேன், இறங்கினேன், ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றினேன். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. கார் வேகத்தைக் குறைக்காமலே போய்விட்டது. புழுதி அடங்கியதும் பார்த்தால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பால் வெட்டுகிறவரும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவள் இடுப்பில் துணியில் சுற்றிய குழந்தை, கொழுகொழுவென்று. அவர் தலைத்துணியைக் கையில் பிடித்தபடியே வாய்க்காலைத் தாண்டி வந்து என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் பூரித்துப் போயிருந்தது.

"இதுதான் ஐயா ஒங்களுக்கு ஏத்த வண்டி," என்றார். "எவ்ளோ லேசா எறங்கிட்டீங்க!"