தானியேலின் மூணு கார்டு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற தானியேலுக்குக் கித்தாரில் மூன்றே மூன்று கார்டுதான், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கட்டுதான், தெரியும். சி, எஃப், ஜி. எந்தக் கம்பியில் எந்த விரல் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். பேச்சைக் கேட்டாலோ, கித்தாரைக் கண்டுபிடித்தவனே இவன்தான் என்று தோன்றும். அவர்கள் சர்ச்சில் வேறு யாருக்கும் கித்தார் தெரியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

எழுபத்தெட்டாம் வருஷம் அறுப்புப் பண்டிகைக்குப் பவளத்தைப் பாடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி, நடவு வேலைக்குப் போகிறவள், கனத்த குரல். சபை முன்னால் பாட அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒத்திகையிலேயே கேட்டாள்: "இன்னா தானியேலு, மேல போனா தொண்ட எட்டல. கொஞ்சம் எறக்கி வாசியேன்."

இறக்கத் தெரிந்தால்தானே!

"கித்தார்ல அதெல்லாம் முடியாதுக்கா" என்று அடித்துவிட்டான்.

பண்டிகையன்று சரணத்தில் அவள் குரல் கீச்சென்று உடைந்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தானியேலும் சிரித்தான். "அக்காவுக்கு சுருதி நிக்கலபா" என்று வேறு சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அதோடு பவளம் பாடுவதையே விட்டாள், நடவிலும்கூட.

மூன்று வருஷம் கழித்து வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி கேட்கப் போயிருந்தான் தானியேல். பாட வந்தவர் சுருதியை இறக்கச் சொன்னார். கித்தார்க்காரர் பாண்டுரங்கன் விரலை வேறு இடத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். பாட்டு அதே பாட்டாகவே இருந்தது. கச்சேரி முடிந்ததும் தானியேல் அவர் பின்னாடியே போய் எப்படி என்று கேட்டான்.

"சி, எஃப், ஜி எல்லாம் வெறும் பேருபா. மொத சுரம், அதுலேர்ந்து நாலாவது, அஞ்சாவது. அந்த எடவெளிதான் பாட்டு. அடுப்புக் கல்லு மூணையும் வேற எடத்துல அதே எடவெளில வெச்சா பானை நிக்காதா? ஏ, டி, இ வாசி. எறங்கிடும்."

தானியேலுக்குக் காது சுட்டது. இவ்வளவுதானா? மூன்று கல்லைத் தள்ளி வைக்கத் தெரியாமலா ஒருத்தியின் வாயை அடைத்தோம்? ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

மறுநாள் பவளத்திடம் போய்ச் சொன்னான். "தப்பு என்னுதுக்கா. உன் தொண்ட மேல பழி போட்டுட்டேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? அன்னிக்கு சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லு. அப்புறம் பாடறேன்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

அந்த வருஷப் பண்டிகையில் அதே பாட்டை ஏ, டி, இ-யில் எடுத்தான். அவன் சொல்லிவிட்டால் பாட எழலாம் என்று பவளம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் காத்திருந்தாள். சபையே அவன் முகத்தைப் பார்த்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, தலையைக் குனிந்தபடி வாசித்தான். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"புதுசா கத்துக்கினு வந்துகீறான் பாரு" என்று மெச்சினார்கள். பவளம் பாதியிலேயே எழுந்து போயிருந்தாள்.