ஏழு நாள் ஏறாதீங்க

காங்கிரீட் போடுகிற தொழிலில் கஷ்டமான வேலை காங்கிரீட் போடுவது அல்ல, போட்ட பிறகு ஏழு நாள் அதன்மேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கார் வந்து நிற்கிற தளம் இருக்கிறதே, அதைப் போடுவதும் பழசை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதும்தான் என் பிழைப்பு. எங்கள் கோலார் தங்கவயலில் பெரியவர்கள் இதை ராம்ப் என்பார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகள் டிரைவ்வே என்பார்கள். நானும் சிவில் டிப்ளமோ படித்துவிட்டுப் பல வருடம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்தவள்தான். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்து அலுத்துப்போன ஒரு நாளில், நிற்கிறதுதான் விதி என்றால் சொந்த ஊரிலேயே நிற்கலாம் என்று ஒரு பழைய மிக்ஸர் மிஷினை வாங்கினேன். மேஸ்திரி முனிரத்தினம் கூட வந்து சேர்ந்தார். வீடு கட்டியவர்கள், கட்டிக்கொண்டிருக்கிறவர்கள், கட்டி மாட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் இனி நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே நடந்திருக்கும். மீதிப் பாதி எனக்கு நடந்தது.

ஆள் எங்கே?

முதல் வேலை ராபர்ட்சன்பேட்டையில். ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் வீடு. கேட்டைத் திறந்ததும் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், தெருவையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். உட்காரச் சொன்னார். காபி வந்தது. நான் டேப் பிடித்து நீளம் அகலம் அளந்தேன், பழைய தளத்தைச் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தேன், எத்தனை அங்குல கனம், எங்கே கம்பி, எந்தப் பக்கம் தண்ணீர் ஓடணும் என்றெல்லாம் முக்கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு கேள்விகூடக் கேட்டார், நல்ல கேள்விகள்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "ரொம்ப சந்தோஷம்மா, எல்லாத்தையும் நல்லா அளந்து பாத்துக்கினே. உன் ஊட்டுக்காரர் வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லு."

மலை மலையாய் மணல்

சாம்பியன் ரீப்ஸில் ஒரு வீடு. அங்கே போனபோது வாசலில் இருபது மூட்டை தயாராக அடுக்கி வைத்திருந்தது. வீட்டுக்காரர் தேவராஜ் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வெளுத்த மாவு மாதிரி மண். சைனைட் மேட்டு மண். சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை அரைத்து, சயனைடு விஷம் ஊற்றித் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாய் வளர்ந்து நிற்கிறதே, அதிலிருந்து வந்தது. மணல் எதற்கு வாங்கவேண்டும், இதையே போடு என்றார். அதைத் தொடவே கூடாது, அள்ளவும் கூடாது என்றேன். "இந்தத் தூசியத் தின்னுதாம்மா நாங்க வளந்தோம்," என்றார். காங்கிரீட் வளராது என்றேன். கேட்கவில்லை.

சரி, வாயால் சொல்லிப் பயனில்லை என்று இரண்டு ஐஸ்கிரீம் டப்பா எடுத்துக்கொண்டேன். ஒன்றில் நல்ல மணலும் சிமெண்டும், இன்னொன்றில் கையுறை போட்டுக்கொண்டு அவர் மண்ணும் சிமெண்டும். மூன்று நாள் தண்ணீர் தெளித்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்தேன். என்னுடையது டொக்கென்று விழுந்தது. அவருடையதைக் கட்டை விரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. தேவராஜ் அந்தத் தூளைச் செருப்புக் காலால் எத்தினார். என்மேல் கோபமில்லை, வேறு யார்மேலோ.

"பாத்தியா, வெள்ளக்காரன் தங்கத்த மட்டும் எடுக்கலம்மா. மண்ணுல இருந்த சத்தையும் சேத்து எடுத்துக்கினு போயிருக்கான்."

வாட்டம்

இது என் தப்பு. மறைக்கப் போவதில்லை, மறைக்கவும் முடியாது. மழை பெய்தால் காங்கிரீட்காரி செய்த தப்பு ஊருக்கே தெரியும்.

மைசூர் மைன்ஸில் விமலா டீச்சர் வீடு. தனி மனுஷி, ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். அன்றைக்கு மட்டம் பார்க்கிற டியூப் ஓட்டை. தண்ணீர் நிரப்பினால் ஒழுகியது. மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது, ஜல்லி காத்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தே, தண்ணீர் ஓடுகிற வாட்டம் தெரு பக்கம்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். முனிரத்தினம் "இன்னொரு டியூப் வாங்கியாந்துடலாம்மா" என்றார். நேரமில்லை என்றேன். தளம் பார்க்க அழகாகத்தான் வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மழை. டீச்சர் போன் செய்து திட்டவில்லை, ஒரு போட்டோ அனுப்பினார். ஹாலில் அவருடைய செருப்பு இரண்டும் மிதந்துகொண்டிருந்தன. பரீட்சைத் தாள் கட்டுகளைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தார். கொட்டின மழை மொத்தமும் வீட்டுப் பக்கம்தான் ஓடியிருக்கிறது. அரை அங்குலம்தான் வித்தியாசம். தண்ணீருக்கு அது போதும். மறுநாளே பிரேக்கர் மிஷினோடு போய், நான் போட்டதை நானே உடைத்தேன். உடையவே மாட்டேன் என்றது. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன். இரண்டாம் முறை போட்டு, ஏழு நாள் முடிந்ததும் டீச்சர் கண் முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். தெருவைப் பார்த்து ஓடியது. டீச்சர் அது கேட்டைத் தாண்டுகிறவரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

"எங்க கிளாஸ்ல கணக்கு தப்பாச்சுன்னா அஞ்சு தடவ எழுதணும். நீ ரெண்டாவதுலயே பாஸாயிட்ட."

பந்தக்கால்

கல்யாண வீட்டு வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்னால் தளம் போட்டுக் கொடுத்து, ஈரக் கோணியால் போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டி, "ஏறாதீங்க" என்று தமிழிலும் கன்னடத்திலும் அட்டை எழுதித் தொங்கவிட்டு வந்தேன். நாலாம் நாள் தண்ணீர் விடப் போனால் கயிறு இல்லை, கோணி இல்லை, தளத்தில் வரிசையாக எட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு மூங்கில். மேலே பந்தல், சீரியல் லைட். அட்டை மட்டும் பத்திரமாக இருந்தது, சமையல்காரர் அதை வைத்து அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டோடு எதிரே வந்தார். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல, சமாதானமாகச் சொன்னார்: "பந்தல்காரன் மண்ணுலதான் நடறேன்னான். நான்தான், புதுசா போட்ட எடத்துல நடு, பாக்க லட்சணமா இருக்கும்னேன்."

விரிசல்

ஸ்கெலட்டன் ஏரியாவில் சின்னப்பன் என்கிற பெரியவர் வீட்டில் போட்ட தளம் நட்ட நடுவில் விரிசல் விட்டது. காங்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்குகிற இடத்தை நாமே முன்கூட்டி முடிவு செய்து, மறுநாளே கோடு வெட்டிவிடவேண்டும். வெட்டுகிற மிஷின் அன்றைக்கு வேறொரு வீட்டில் இருந்தது. நான் மூன்றாம் நாள்தான் வெட்டினேன். அதற்குள் தளம் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெட்டிக்கொண்டது.

போகும்போதே என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவரோ குனிந்து விரிசலில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். "ஏர் பிளாஸ்ட்," என்றார். அடியில் பாறை வெடித்து மேலே வீடெல்லாம் ஆடுகிறதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "மைன் மூடிட்டாங்க, தண்ணி ரொம்பிக்கிச்சு. கீழ பாறை சும்மா இருக்குமா? செவ்வாக்கிழமை படுத்துக்கினு இருக்கறேன், கட்டில் லேசா ஆடிச்சி."

எனக்கு வெளியே வர ஒரு நல்ல கதவைத் திறந்து வைத்திருந்தார். பேசாமல் வந்திருக்கலாம். வண்டி வரைக்கும் வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய், இல்லைங்க, என் தப்பு, கோடு வெட்டினது லேட், நானே சரி செய்து தருகிறேன் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா பேசறே? கீழ வேலை செஞ்சது நீயா, நானா?"

இரண்டு கோடு

கோரமண்டலில் ஸ்டெல்லா அக்கா வீடு. அக்கா ரிட்டயர்டு நர்ஸ். அவர் வீட்டுக்காரர் அந்தோணிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வீடு கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. பழைய தளத்தை மரத்து வேர் தூக்கி, அது துண்டு துண்டாகி, வீல்சேர் நாலடிக்கு ஒருமுறை மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மாற்றச் சொன்னார்கள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்துவிடுவார், அடுத்தது செவ்வாய்க்கிழமை. ஞாயிறு காலையில் போட்டுவிடலாம், செவ்வாய்க்கு என் ஆட்கள் நாலு பேர் நாற்காலியோடு பக்கத்து மண் வழியில் தூக்கிப் போவார்கள் என்று திட்டம். அந்த மண் வழியில்தான் உடைத்த பழைய தளத்தை மலையாய்க் குவித்திருந்தேன். திங்கட்கிழமை டிராக்டர் வந்து அள்ளிவிடும் என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போட்டு முடித்தோம். முனிரத்தினம் கரணையால் தேய்த்து, கண்ணாடி மாதிரி விட்டுவிட்டு ஆட்களோடு சாப்பிடப் போனார். கோணி போர்த்துகிற பதம் வருவதற்காக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி இருக்கும், அக்கா ஜன்னலைத் திறந்து, "ரெஜினா, இவருக்கு மூச்சு வாங்குது," என்றார். உள்ளே போனேன். அந்தோணி அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலம். அக்கா பக்கத்து வீட்டு பாஸ்கருக்கு போன் செய்துவிட்டார். மூன்றாவது நிமிஷம் கார் கேட்டில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. பாஸ்கர் இறங்கி, பளபளவென்று கிடந்த தளத்தைப் பார்த்தார். அக்காவும் வாசலிலிருந்து அதைப் பார்த்தார். பக்கவழியை அடைத்துக்கொண்டு கிடந்தது நான் உடைத்த கல். அதில் ஏறித் தூக்கிக்கொண்டு போக எங்கள் மூன்று பேரால் ஆகாது.

"பாஸ்கர், ஏறி வாங்க! ரிவர்ஸ்ல வாங்க, நிறுத்தாம வாங்க!" என்று கத்தினேன். வந்தார். சக்கரம் அமுங்குகிற சத்தம் சேற்றில் எருமை நடக்கிற மாதிரி இருந்தது. அண்ணனைப் பின்சீட்டில் சாய்த்தோம். அக்கா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கார் வந்த தடத்திலேயே இறங்கிப் போனது. நான் தனியாக நின்றேன். முனிரத்தினம் வந்து பார்த்து, கரணையை எடுத்தார். அதற்குள் இறுகிவிட்டது. மேலே பூசினால் ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடும். சக்கரம் பதிந்த இரண்டு கோட்டோடு அப்படியே கோணியைப் போர்த்தினோம். மாலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்து, உடம்பில் ஏறியிருந்த தண்ணீரை இறக்கிவிட்டார்கள், பேசுகிறார் என்றார். அப்போதுதான் நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

எட்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். பக்கவழியை மறுநாளே காலி செய்திருந்தேன். தளத்தை என் செலவில் உடைத்து மறுபடி போடுவதாகச் சொல்லக் காத்திருந்தேன். பாஸ்கர் கார், இரண்டு கோட்டுக்குள்ளும் நான்கு சக்கரமும் பதிய, கொஞ்சமும் விலகாமல் ஏறி வந்தது. அந்தோணி அண்ணன் சுரங்கத்துக்குள்ளே டிராலி தள்ளின மனுஷர். முன்சீட்டில் உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து, கீழே எட்டிப் பார்த்தார். நான் ஆரம்பிப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"உடைக்காத, உட்டுடும்மா. எனக்குத் தண்டவாளம் இருந்தாதான் வழி தெரியும்."

இந்த ஊரில் நான் போட்டதிலேயே இன்றுவரை போட்டது போட்டபடி இருக்கிற தளம் ஒன்றே ஒன்றுதான், அது வேறொரு வீட்டில். அந்த வீட்டுக்காரர் இன்னும் கார் வாங்கவில்லை.