துணிப்பையில் என் மனைவியின் முகம்

எழுதப்படாத நாவல்களுக்கு அட்டைப்படம் வரைவதுதான் என் தொழில். பழைய திகில் நாவல் அட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரத்தம் சொட்டும் கத்தி, அலறும் பெண், பின்னால் ஒரு நிழல், குறுக்கே சரிந்து ஓடும் மஞ்சள் எழுத்து. அந்தப் பாணியில் நானே ஒரு தலைப்பை உண்டாக்கிப் படம் வரைந்து, வெளிநாட்டு இணையக்கடை ஒன்றில் ஏற்றிவிடுவேன். யாராவது விரும்பினால் கடைக்காரர்கள் அதை ரீசேட்டிலோ கோப்பையிலோ தலையணை உறையிலோ அச்சடித்து அனுப்புவார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற நம்முடைய ஆட்கள். உடுப்பிட்டியில் ஓர் அறைக்குள் இருந்து வரைகிற எனக்கு, அச்சடித்த பொருள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பே வந்ததில்லை.

ஊரில் யாராவது கேட்டால் ‘டிசைன் வேலை’ என்று சொல்வேன். கலியாண அழைப்பிதழ் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

என் மனைவி வீட்டு முன் விறாந்தையில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு நல்ல பெயர். என் படங்களுக்கு உருவமாக நிற்பவளும் அவள்தான். ஒரு பின்னேரம் கிணற்றடியில் அவளை அரிக்கன் விளக்கோடு நிறுத்திவைத்துக் கைபேசியில் படம் எடுத்தேன்.

“கொஞ்சம் பயந்த மாதிரி நில்லும். பின்னாலை ஆரோ வாறான்.”

“உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு என்னெண்டு பயப்பிடுறது? சிரிப்பெல்லோ வருது.”

வாயைத் திறந்து சிரித்தபோது சேலைத் தலைப்புத் தோளிலிருந்து நழுவியது. அதைத்தான் எடுத்தேன். புருவத்தை உயர்த்தி, கண்களை விரித்து வரைந்ததும் அந்தச் சிரிப்பு அலறலாகிவிட்டது. கிணற்றுக்கட்டில் ஒரு கையின் நிழலைச் சேர்த்தேன். ‘கிணற்றுக்குள் இருந்து கூப்பிட்டவன்’ என்று மேலே எழுதினேன். அவளிடம் காட்டியபோது, “ஐயோ, என்ரை வாய் இவ்வளவு பெரிசோ?” என்று கேட்டாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. என் படங்களிலேயே அதிகம் விலைபோனது அதுதான்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் அறைக்குள் வேலையாக இருந்தேன். விறாந்தையில் திடீரென்று கலகலவென்று சிரிப்பு. ஒரு பிள்ளையின் குரல் கேட்டது:

“ரீச்சர், உவ உங்களை மாதிரியே இருக்கிறா!”

“எங்கை, கொண்டா பாப்பம்.”

கதவிடுக்கால் பார்த்தேன். அந்தப் பிள்ளை கொப்பிகளைப் போட்டுக்கொண்டு வந்த துணிப்பையில் என் மனைவி விளக்கோடு அலறிக்கொண்டு நின்றாள். லண்டனில் இருக்கிற சித்தி அனுப்பிய பையாம். அச்சு நான் நினைத்ததைவிடத் துலக்கமாக இருந்தது. திறந்த தோள் இன்னும் துலக்கமாக இருந்தது. பார்த்ததும் என் காது மடல்கள் சுட்டன.

மனைவி பையை வாங்கிப் பார்த்தாள். “ஓம், நான்தான்,” என்றாள், கேள்விக்கு விடை சொல்வதுபோல. “சரி, இப்ப கொப்பியை எடுங்கோ.”

அடுத்தநாள் பின்னேரம் அந்தப் பிள்ளையின் தாய் வந்தார். ஸ்கூட்டியை வாசல் படலையடியில் விட்டுவிட்டு, உட்காராமலே நின்று கதைத்தார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“ரீச்சர், குறை நினைக்கக் கூடாது. பிள்ளை வீட்டை வந்து, ரீச்சரின்ரை படம் எண்டு எல்லாருக்கும் காட்டுறாள். ஆரோ உங்கடை போட்டோவைக் களவெடுத்து உப்பிடிச் செய்துபோட்டாங்களோ எண்டு எனக்குப் பதறிப்போச்சு.”

“களவெடுக்கேல்லை அக்கா. நான்தான் நிண்டனான். இவர்தான் கீறினவர்.” பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். “இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ.”

நான் எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். அந்தத் தாயின் முன்னால் போய் நின்று, ஓம், என் மனைவியை இப்படி வரைந்தவன் நான்தான் என்று சொல்லவேண்டும். வேறொன்றும் தேவையில்லை. ஆனால் என் கால்கள் குசினிப் பக்கம் திரும்பிவிட்டன. பின்கதவால் வளவுக்குள் இறங்கினேன். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அது எனக்குக் கேட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் மோட்டரைப் போட்டேன். அது இரைந்துகொண்டு வாழைகளுக்குத் தண்ணீரை இறைத்தது. குழாயைப் பிடித்தபடி, ஏதோ அவசர வேலைபோலக் குனிந்து நின்றேன்.

ஸ்கூட்டி போன பிறகு அவள் பின்பக்கம் வந்தாள். சுவிச்சை நிறுத்தினாள்.

“வாழைக்கு நேற்றுத்தானே தண்ணி விட்டனீங்கள்,” என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

அன்றைக்கே அந்தப் படத்தைக் கடையிலிருந்து நீக்கினேன். பெரிய காரியம் செய்துவிட்டவன்போல் குசினி வாசலில் நின்று சொன்னேன்:

“படத்தை எடுத்துப்போட்டன். இனி ஆரும் வாங்கேலாது.”

“ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?”

“உமக்காண்டித்தான்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எனக்காண்டியோ? நான்தான் எண்டு அவவின்ரை முகத்தைப் பாத்துச் சொன்னனான். இப்ப அதை எடுத்தா, நான் ஏதோ செய்யக் கூடாததைச் செய்த மாதிரியெல்லே வரும்? என்ரை முகம் உலகம் முழுக்கப் போகுது. உங்கடை பேர் எங்கை கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்?”

கடையில் நான் வைத்திருந்தது ஒரு புனைபெயர். ஆங்கிலத்தில், ஆணா பெண்ணா என்றே தெரியாத ஒரு பெயர். படங்களில் கையெழுத்தும் இல்லை. அதுவரை அதை நான் அப்படி யோசித்ததே இல்லை. அவளுடைய தோளைப் பார்த்துத்தான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே ஒளிந்திருந்தேன்.

படத்தைத் திரும்ப ஏற்றினேன். இந்த முறை கீழ்மூலையில் என் பெயரைத் தமிழில் எழுதினேன். மற்றப் படங்களிலும் ஒவ்வொன்றாக எழுதிவருகிறேன். அவளிடம் சொன்னபோது “ம்” என்றாள். நான் எதிர்பார்த்த மன்னிப்பு அந்த ‘ம்’மில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாரி தொடங்கியபோது, மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம் அந்தத் துணிப்பைப் பிள்ளையின் தாய் மகளைக் கூட்டிப்போகக் குடையோடு வந்தார். மழை விடுகிற பாடாயில்லை. அவருக்குக் கதிரை போட்டுக் கொடுத்துவிட்டு மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

“நீங்களோ உந்தப் படங்கள் கீறுறது?” என்று அவர் கேட்டார்.

“ஓம். நான்தான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கை நல்ல கைதான். ஒரு சாமிப் படம் கீறலாமே?”

“பாப்பம் அக்கா,” என்றேன்.

உள்ளே மனைவி அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நான்தான்’, அவ்வளவு சின்ன வார்த்தை அது. அன்றைக்கு அவள் பக்கத்தில் போய் நின்று அதைச் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணித் தட்டோடு அவள் வந்தபோது நிமிர்ந்து பார்க்க முடியாமல், முற்றத்தில் பெய்கிற மழையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.