பரீதா ராத்தாவின் கணினியை ஊமையாக்கினேன்

பரீதா ராத்தாவின் கணினியைப் பழுதாக்கியவன் நான்தான். அவருடைய கை பட்டுத்தான் பழுதானது என்று மூன்று அதிகாரிகளின் முன்னால் நாக்கூசாமல் சொன்னவனும் நான்தான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரியாது. கோயிலில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டபோதும் சொல்லவில்லை... இல்லை, சொன்னதுபோல நடித்தேன். அந்தக் கூத்தையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் முகம் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளியுங்கள்.

யுத்தம் முடிந்து ஆறேழு வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளம் நகரில் ஓர் அரச அலுவலகம், பெயர் வேண்டாம். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளன் நான். ஆலங்குடாவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் பென்டிரைவ், தலைக்குள் பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு. தூ!

அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று அழைத்த பரீதா அங்கே தொலைபேசி இயக்குநர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது வாப்பாவின் தோளில் ஏறி வந்த பிள்ளை. எட்டு வருடங்களாக அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளை இந்தப் பிரிவுக்கும் அந்தப் பிரிவுக்கும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மேசையில் ஒரு கணினி உண்டு. அதில் திரைவாசிப்பு மென்பொருள் இருந்தது. திரையில் உள்ளதையெல்லாம் குரலாக மாற்றிக் காதில் சொல்லும். பார்வையற்றோர் பாடசாலையில் கூடப் படித்த தோழி ஒருத்தி தமிழ்க் குரலோடு கொடுத்தது. ராத்தா அதை அசுர வேகத்தில் பேசவைப்பார். எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவருக்கு முழுக் கடிதமும் விளங்கிவிடும்.

கணினிக்குத் திரை மட்டும் கிடையாது. அலுவலகத்தில் திரைகளுக்குத் தட்டுப்பாடு. பார்க்காதவருக்கு அது எதற்கு என்று கழற்றிக் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ராத்தாவே சிரித்தார். “கொண்டு போங்க, அதால கரண்டுதான் செலவு” என்றார்.

அந்த வருடம் கடிதப் பிரிவில் ஒரு வெற்றிடம் வந்தது. ராத்தா விண்ணப்பித்தார். மேலிடத்திலிருந்து மூவர் வந்து அவர் கணினியிலேயே செய்முறைப் பரீட்சை வைப்பதாக ஏற்பாடு. வந்த கடிதத்தை வாசித்துப் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மேசையை விட்டு எழும்பாமல் பழகினார்.

“கோல் மாத்திக் குடுக்கிறவ எண்டுதான் எல்லாரும் என்னப் பாக்குறாங்க தம்பி. நான் எழுதின கடிதம் ஒண்டு இந்த ஒஃபீஸ விட்டு வெளியே போகோணும். அத எண்ட உம்மாவுக்குச் சொல்லோணும்” என்றார் ஒருநாள்.

அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டார். “எண்ட கொம்பியூட்டர்ல ஏதும் செய்றண்டா எனக்கு ஒரு சொல் சொல்லிட்டுச் செய்ங்க. எது எங்க இரிக்கு எண்டு நான் விரல்லதான் வச்சிரிக்கிறன்.”

“ஓம் ராத்தா” என்றேன். எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது அந்த ‘ஓம்’!

அந்த நேரம் பார்த்துத் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை. எல்லாக் கணினிகளிலும் ஓ.எஸ். என்று நாங்கள் சொல்லும் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றி அறிக்கை அனுப்ப வேண்டுமாம். நான் தேநீரும் வெட்டிக்கதையுமாக நாளைக் கடத்தினேன். கடைசியில் அவசரம் அவசரமாக ஒவ்வொன்றாக மாற்றினேன். ராத்தாவுடையது மட்டும் மிஞ்சியது. அவருடைய பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் அது. அவர் அரை நாள் லீவில் போயிருந்தார்.

ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம் அல்லவா? எடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்று ஒரு நாள் பொறுத்திருக்கலாம் அல்லவா? பொறுக்கவில்லை. ‘அனைத்தும் பூர்த்தி’ என்று அறிக்கையில் எழுத எனக்கு அவ்வளவு ஆசை. அப்போது மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? பார்க்காதவருக்குப் புதிசு என்ன, பழசு என்ன என்று நினைத்தேன்!

கணக்குப் பிரிவிலிருந்து திரையைத் தூக்கிவந்து பொருத்தினேன். வேலை தொடங்கியது. பாதியில் ஒரு பெட்டி எழும்பியது. இந்த மென்பொருள் புதிய பதிப்போடு ஒத்துப்போகாது, நீக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. கீழே திரைவாசிப்பானின் பெயர் இருந்தது.

கவனியுங்கள்... நான் அதை வாசித்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியே இல்லை. வாசித்தேன், விளங்கியது, ‘சரி’ என்பதை அமத்தினேன்.

வேலை முடிந்ததும் இயர்போனைக் காதில் வைத்துப் பார்த்தேனா? இல்லை. அந்தக் குரல் எனக்கு எப்போதும் அரியண்டம், கேட்கவே பிடிக்காது. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகும் வழியும் உள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரம் பிடிக்கும். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். திரையைக் கழற்றிக் கணக்குப் பிரிவில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஒரு மனுசியின் எட்டு வருடத்தை ஒரு பஸ்ஸுக்காக விட்டவன் நான்!

காலையிலாவது சொன்னேனா? ராத்தா நேரத்துக்கே வந்து கணினியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சல்வார். கையில் மருதாணி வாசம். “துஆ செய்ங்க தம்பி” என்றார். “எல்லாம் சரிவரும் ராத்தா” என்றேன்.

ஒன்பது மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். ராத்தா கணினிக்கு முன்னால் அமர்ந்து இயர்போனைப் பொருத்தினார். குரலை எழுப்பும் விசையை அமத்தினார். முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம். மறுபடி அமத்தினார். மறுபடியும்... இயர்போன் வயரைத் தடவிப் பார்த்தார். “சத்தம் வருதில்ல சேர்” என்றார். நான் கதவோரம் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரிகளில் ஒருவர் நல்ல மனுசன். கடிதத்தைத் தானே உரக்க வாசித்தார். கடற்கரைக் கிராமம் ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்ற முறைப்பாடு. “பதிலை எழுதுங்கோ பிள்ளை” என்றார்.

ராத்தா எழுதத் தொடங்கினார். காதில் ஒரு சத்தமும் இல்லை. பழைய நினைப்பில், கடிதப் பக்கத்தைத் திறக்கும் விசைகளை ஒவ்வொன்றாக அமத்தி, திறந்துவிட்டது என்று நம்பி, விரல்களை ஓடவிட்டார். இருபது நிமிடம்! ஒரு தடக்கல் இல்லை. வசனத்துக்கு வசனம் உதடு லேசாக அசைந்தது. முடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “முடிஞ்சிட்டு சேர்” என்றார்.

திரையைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்தான் தூக்கிவந்தேன். பொருத்தினேன். நடுவில் ஒரு பெரிய பெட்டி... புதிய பதிப்புக்கு நல்வரவாம், புதிய வசதிகளைப் பார்க்கிறீர்களாம்! அந்தப் பெட்டி காலையிலிருந்து அங்கேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பார்ப்பதற்குத் திரை இல்லை. சொல்வதற்குக் குரல் இல்லை. ராத்தா எழுதிய கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட எங்கும் இல்லை.

ஒருவர் “ச்சு” என்றார். அந்த இரக்கச் சத்தத்தை ராத்தா கேட்டார். “என்ன சேர்? பிழையா?” என்றார்.

“இதுல ஒண்டுமே இல்லையே” என்று சொல்லி, மூவரில் மூத்தவர் என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி நடந்தது?”

சொல்வதற்கு எனக்கு வாய்த்த நேரம் அதுதான். நேற்று நான் மாற்றினேன் சேர், அவர் மேல் பிழை இல்லை, அரை மணித்தியாலம் தாருங்கள்... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேலை போயிருக்காது. ஓர் ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

“அவ ஏதோ மாறி அமத்தியிருக்கிறா போல, சேர்” என்றேன்.

ராத்தா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். எதிர்த்து ஒரு சொல் சொல்வார் என்று பயந்தேன். சொல்லியிருந்தால் இன்று எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்! அவர் என்னை நம்பினார். “ஓம் சேர்... எண்ட கைதான் எங்கயாவது பட்டிரிக்கும். மன்னிச்சிக்கொள்ளுங்க” என்றார்.

அவர்கள் எழும்பிப் போனதும் மெல்லிய குரலில் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, என்னால உங்களுக்கும் வெக்கமாப் போச்சு. குறை நினைக்காதீங்க.”

சீ! நான் என்ன பிறவி? நின்ற இடத்தில் நான் வாந்தி எடுத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்ற நினைவுகூட எனக்கு வரவில்லை.

அன்று பின்னேரமே பழைய பதிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. குரல் பேசியது. “நான் திருத்தீட்டன் ராத்தா” என்றேன். பழுதாக்கியவனே திருத்தி, நன்றியும் வாங்கிக்கொண்டான்! நோன்புப் பெருநாளுக்கு எனக்கென்று தனியாக ஒரு கோப்பை வட்டலப்பம் கொண்டுவந்தார். மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றேன். இன்றும் அந்த இனிப்பை நினைத்தால் குமட்டுகிறது.

கடிதப் பிரிவுக்கு வேறொருவரை எடுத்தார்கள். ராத்தா அதன் பிறகு விசைப்பலகையைத் தொடவில்லை. பழகச் சொல்லிக் கேட்டவர்களிடம், “எனக்கு அது சரிவராது, எண்ட கை பொல்லாத கை” என்று சிரித்தார். இரண்டு வருடத்தில் அந்தக் கணினியையும் எடுத்துப்போனார்கள்.

ஒரு பெரிய வெள்ளிக்கு முன்பு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சுவாமியின் காது மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம். “பொய் சொன்னேன் சுவாமி, சில தடவை” என்றேன். அவ்வளவுதான் வந்தது. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்து வெற்றிலை போட்டேன்.

நான் இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். போன கிழமை ராத்தா வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்தார். மருமகன் முறைப் பையன் ஒருவன் நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். அது எல்லாவற்றையும் வாசிக்குமாம், தமிழிலேயே.

“இண்டைக்கு என்னமோ புதுசா அப்டேட் வந்திரிக்கு எண்டு சொல்லுது தம்பி. போடவா விடவா எண்டு கேக்குது. காலையில இருந்து போனை அலுமாரிக்குள்ள வச்சிட்டன். கை பட்டா அண்டு போலப் பழுதாக்கிப் போடுவன் எண்டு பயமா இரிக்கு.”

சொல்லு, இப்போதாவது சொல்லு என்று என்னை நானே பிடித்து உலுக்கினேன்.

“நீங்க ஒண்டையும் அமத்தாதீங்க ராத்தா. நான் வந்து செய்து தாறன்” என்றேன்.

“அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். நீங்க ஒராள் இரிக்கிறபடியாத்தான் எனக்குத் தைரியம்” என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.