மூன்று மாடுகளும் முனிரத்தினமும்

இது நடக்கும் என்று நான் பொங்கலுக்கே சொல்லிவிட்டேன். “முனிரத்தினம், உன் நெஞ்சு சரியில்ல, டாக்டரைப் பாரு” என்றேன். “நீ உன் வயித்தைப் பாரு மாமா” என்றான். போன வாரம் ஐம்பதாவது முறையாக திருமலை ஏற அலிபிரி அடிவாரத்தில் நின்றிருந்தேன் (எண்ணியது நான்தான்). திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் தம்பி, சத்தியவேட்டில் பாதிப் பேரைத் தன் காரில் ஏற்றியவன், போய்விட்டான்.

அவன் சீனக்காரர்களின் தொழிற்சாலைக்குக் கார் ஓட்டிய கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். சென்னை விமான நிலையத்தில் அட்டையில் ‘லீ’ என்று எழுதிப் பிடித்து, வேறொரு லீயைச் சத்தியவேடு வரை கூட்டிவந்து இட்லியும் கொடுத்துவிட்டான். “இன்னொரு தடவை ஆள் மாறினால் வேலை இல்லை” என்றார் மேனேஜர். அவன் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரித்ததே இந்த வேலையைத்தான்.

அடுத்து வரவிருந்த இன்ஜினியரும் லீ. பெயரில் பின்னால் வரும் ஒரு சீன எழுத்துதான் அடையாளம். அதை அச்சடித்தால் வெறும் கட்டம் வந்தது. லீவில் இருந்த மொழிபெயர்ப்பாளர், “அபூர்வ எழுத்துங்க, நான் படிச்சதில்ல” என்று போனை வைத்துவிட்டார்.

முனிரத்தினம் செல்போனில் வந்த அந்த எழுத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கேன்டீனில் தொங்கும் சீனக் காலண்டரில், மாட்டுப் படத்துக்குக் கீழே இருக்கும் அதே எழுத்து, மூன்று முறை. மேலே ஒன்று, கீழே இரண்டு. “மாமா, மூணு மாடு கீது.”

“மூணு மாடு சேர்ந்தா நிக்குமா? ஓட்டம்னு அர்த்தம்” என்றேன் நான். பொங்கலுக்குக் கொம்பில் பலகை கட்டித் தெருவில் மாடு விடுகிற ஊர்க்காரனுக்கு இது தெரியாதா? கொம்புப் பலகையோடு மூன்று மாடுகள் ஓடுவதாக அட்டையில் வரைந்துகொண்டு அவன் புறப்பட்டான். நானும் போனேன்.

விமான நிலையத்தில் மற்ற டிரைவர்கள் சும்மா விடவில்லை. “இன்னா நைனா, பிளேன்ல மாடு வருதா?”

“மாட்டுக்காரன் வர்றாம்பா, வழி வுடு” என்றான்.

இரண்டு சீனர்கள் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். மூன்றாமவர் நின்றார். மாடுகளை எண்ணினார். நெஞ்சைத் தொட்டு “பென்” என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினார். அந்த எழுத்தின் உச்சரிப்பும் அர்த்தமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வேலை நிலைத்தது, கல்யாணமும் நடந்தது.

ஓட்டம் என்று நான் சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். அது நான் கட்டிய கதை. சொன்னவன் முனிரத்தினம். நான் சொன்னது, “பலமனேர்ல பால் யாவாரம் பாக்க வர்றாம்போல” என்பதுதான். நான் கதையடித்தபோதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து, “மாமாதான் சொன்னாரு” என்று தலையாட்டுவான். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தலையாட்டல்தான். அவன் இல்லாமல் இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.